டாரிஃப்: பட்டியலைக் குறித்த சொல் வரியின் பெயரான கதை

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப், நாடுகளின் பெயர்களும் அவற்றுக்கு நேரே சதவீதங்களும் அச்சிட்ட ஒரு பெரிய அட்டையை வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் உயர்த்திக் காட்டினார். இந்தியாவுக்கு 26, இலங்கைக்கு 44, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 20 என்று அதில் இருந்தது. அன்று முதல் 'டாரிஃப்' என்ற சொல் தமிழ்ச் செய்திகளிலும் அன்றாடம் புழங்குகிறது. ஆனால் அதே சொல் தமிழ்நாட்டு மின்வாரியப் பதிவில் வீட்டு இணைப்பின் வகையைக் குறிக்கிறது. தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் அறை வாடகை அட்டையைக் குறிக்கிறது. கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் மாதக் கட்டணத் திட்டத்தைக் குறிக்கிறது. ஜெர்மன் செய்தியை இயந்திர மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கோ, 'டாரிஃப் தகராறு' காரணமாக ரயில்கள் ஓடவில்லை என்ற செய்தி கண்ணில் படும். அமெரிக்க வரிக்கும் ஜெர்மன் ரயிலுக்கும் என்ன தொடர்பு என்று அவர் குழம்புவது இயல்பே.

இவை யாவும் ஒரே சொல்தான். ஐரோப்பிய மொழிகள் ஏறக்குறைய அனைத்திலும் அது இருக்கிறது. பொருள் மட்டும் மொழிக்கு மொழி வேறு. அந்த வேறுபாடு எங்கே தொடங்கியது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்தால், இன்றைய வணிகச் சண்டையில் எது சட்டப் பிரச்சினை என்பதும் சேர்ந்தே விளங்கும்.

வேர்: அறிதலும் அறிவித்தலும்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து பிறக்கின்றன. ஐன், ரா, ஃபா என்ற மூன்றெழுத்து வேருக்கு 'அறிதல்' என்பது பொருள். 'அரஃபா' என்றால் அறிந்தான். நடு மெய்யை இரட்டித்து 'அர்ரஃபா' என்றால் அறிவித்தான். தமிழில் 'அறி' என்ற வினை 'அறிவி' என்று பிறவினையாவதைப் போன்ற மாற்றம் இது. அந்தப் பிறவினையின் தொழிற்பெயரே 'தஅரீஃப்', அதாவது அறிவித்தல், தெரியப்படுத்துதல், வரையறுத்தல். அரபு இலக்கணத்தில் 'அல்' என்ற முன்னொட்டை, பெயர்ச்சொல்லை இன்னதென்று அறியச் செய்வதால், 'தஅரீஃப்' கருவி என்றே அழைக்கிறார்கள்.

ஆக, பிறப்பில் இச்சொல்லுக்கும் வரிக்கும் தொடர்பில்லை. கொடுக்க வேண்டிய தொகைகளை எழுதி எல்லோரும் அறிய வைக்கும் அறிவிப்பு என்ற வழியில்தான் அது வணிகத்துக்குள் நுழைந்தது.

இதே அரபுச் சொல் பாரசீகத்தின் வழியாக உருதுவுக்கும் இந்திக்கும் வந்து 'தாரீஃப்' ஆயிற்று. அங்கே அதன் முதன்மைப் பொருள் பாராட்டு. ஒருவரது சிறப்பை நாலு பேர் அறியச் சொல்வது பாராட்டுதானே. புதிதாகச் சந்திப்பவரிடம் 'ஆப்கீ தாரீஃப்?' என்று கேட்கும் மரியாதை வழக்கு வட இந்தியாவில் உண்டு. 'உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்' என்பதே அதன் கருத்து; மூலப் பொருள் அந்தத் தொடரில் இன்னும் அப்படியே இருக்கிறது.

தரீஃபா துறைமுகக் கதை

ஸ்பெயினின் தென்கோடியில், ஆப்பிரிக்கக் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் தரீஃபா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கு வந்த கப்பல்களிடம் கட்டாயக் கட்டணம் வசூலித்ததால் ஊரின் பெயரே வரியின் பெயராயிற்று என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்கச் சுவையான கதை; ஆனால் மொழியியல் அதை ஏற்கவில்லை.

அந்த ஊர், 710ஆம் ஆண்டில் அங்கு படையுடன் வந்திறங்கிய தரீஃப் இப்னு மாலிக் என்பவரின் பெயரைக் கொண்டது. அவர் பெயரிலுள்ள 'த' அரபியில் அழுத்தி ஒலிக்கும் வேறொரு எழுத்து. அது வேரின் முதல் மெய். 'தஅரீஃப்' என்பதிலுள்ள 'த' வேரைச் சேர்ந்ததன்று, முன்னால் ஒட்டிய அசை. அதை நீக்கினால் தொண்டையில் பிறக்கும் ஐன் எழுத்தில் வேர் தொடங்குகிறது. ஐரோப்பிய மொழிகளில் ஐன் ஒலி இல்லாததால் அது உதிர்ந்துபோய், தொடர்பில்லாத இரண்டு சொற்கள் ஸ்பானியத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து நின்றுவிட்டன.

இத்தாலிய வணிகர் கையில்

இச்சொல்லை ஐரோப்பா எங்கும் பரப்பியது இத்தாலியம். வெனிஸ், ஜெனோவா, பீசா நகரங்களின் வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலும் வட ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலும் தங்கி வணிகம் செய்தவர்கள். சரக்கோடு அவர்கள் அலுவலகச் சொற்களையும் ஏற்றிவந்தார்கள். பாரசீகத்திலிருந்து அரபுக்கு வந்த 'திவான்', அதாவது பதிவேடும் அதை வைத்திருக்கும் அலுவலகமும், இத்தாலியத்தில் 'தொகானா', பிரெஞ்சில் 'துவான்', ஸ்பானியத்தில் 'அதுவானா' என்று சுங்கச்சாவடியின் பெயராயிற்று. திருவிதாங்கூர் திவான் என்ற பதவிப் பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்திய எண்முறையை ஐரோப்பியருக்கு விளக்கி 1202இல் நூல் எழுதிய பீசாவின் லியோனார்தோ, அதாவது ஃபிபொனாச்சி, தன் தந்தை இன்றைய அல்ஜீரியாவிலுள்ள புஜியா துறைமுகத்தின் 'துவானா'வில் பீசா வணிகர்களுக்கான எழுத்தராக இருந்ததை அந்நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார்.

'தரிஃப்பா' என்ற இத்தாலியச் சொல் தொடக்கத்தில் எதைக் குறித்தது என்பதுதான் இங்கே முக்கியம். லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலின் இறுதியில் வணிகருக்கான ஒரு 'தரிஃப்பா' சேர்க்கப்பட்டுள்ளது. அதில் பல ஊர்களின் எடைகள், அளவைகள், நாணயங்கள், அவற்றுக்கிடையேயான மாற்று விகிதங்கள் ஆகியவை வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பர்த்தொலொமேயோ தி பாசி 1503இல் அதே நகரில் வெளியிட்ட எடை அளவைக் கையேட்டின் பெயரிலும் இச்சொல்தான் இருந்தது. வெனிஸின் ஒரு மூட்டை மிளகு அலெக்சாந்திரியா எடையில் எவ்வளவு என்று பார்க்க வணிகர் புரட்டிய அட்டவணை அது. ஆங்கிலத்தில் 1590களில் இச்சொல் முதலில் தென்படும்போதும் கணக்கு அட்டவணை என்ற பொருள் அதற்கு இருந்தது. சுங்கத் தொகைகளின் அட்டவணை என்ற பொருளும் அக்காலத்திலேயே சேர்ந்துகொண்டது.

பட்டியல் வேறு, வரி வேறு

இதுவரை வந்ததைக் கொண்டு மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

1. சுங்க வரி: எல்லையைக் கடக்கும் ஒரு குறிப்பிட்ட சரக்குக்காக அரசு வாங்கும் பணம்.

2. வரி விகிதம்: அந்தப் பணத்தைக் கணக்கிடப் பயன்படும் சதவீதம், அல்லது கிலோவுக்கு இவ்வளவு என்ற தொகை.

3. டாரிஃப்: எந்தச் சரக்குக்கு எந்த விகிதம் என்று எல்லாச் சரக்குகளையும் வகைப்படுத்தி வெளியிடும் முழு அட்டவணை.

இந்தியாவின் 1975ஆம் ஆண்டுச் சுங்க டாரிஃப் சட்டம் இந்த மூன்றாம் பொருளில்தான் பெயர் பெற்றது. இன்று உலக நாடுகள் பெரும்பாலும் 1988 முதல் நடைமுறையிலுள்ள ஒத்திசைவுக் குறியீட்டு முறையைப் பின்பற்றி இந்த அட்டவணையை அமைக்கின்றன. அதில் முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. திருப்பூரில் தைக்கும் பருத்திப் பின்னலாடை டி-சர்ட்டின் எண் 6109.10. அமெரிக்க அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேரே 16.5 சதவீதம் என்று இருக்கிறது. டிரம்ப் அரசு இந்தியச் சரக்குகள்மீது சுமத்திய கூடுதல் வரி 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமானபோது, அந்த டி-சர்ட்டுக்கான மொத்தம் 66.5 சதவீதமாயிற்று. 10,000 டாலர் மதிப்புள்ள சரக்குக்கு 6,650 டாலர். அதை அமெரிக்கச் சுங்கத்துறையிடம் செலுத்துபவர் அங்குள்ள இறக்குமதியாளர். அந்தச் சுமையில் ஒரு பங்கை விலைக் குறைப்பாகத் திருப்பூர் முதலாளியிடம் அவர் கேட்பது அடுத்த கட்டம். இந்த எடுத்துக்காட்டில் 6,650 டாலர் என்பது வரி, 66.5 என்பது விகிதம். நாம் அன்றாடம் 'டாரிஃப்' என்று சொல்வது இவ்விரண்டில் ஒன்றைத்தான். இரண்டுமே அச்சொல்லின் பழைய பொருளில் அடங்காதவை.

அமெரிக்க அரசியலில் நேர்ந்த மாற்றம்

ஆங்கிலத்தில் வரிக்கு 'டியூட்டி' என்ற சொல் முன்பே இருந்தது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட சட்டத்தை வரலாற்றாசிரியர்கள் 1789ஆம் ஆண்டு டாரிஃப் என்று அழைத்தாலும், அதன் தலைப்பில் இருந்தது 'டியூட்டி' என்ற சொல்லே. அப்படியிருக்க, பட்டியலின் பெயர் வரியின் இடத்தை எப்படிப் பிடித்தது?

காரணம் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியலில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1913இல் நிலையான வருமான வரி வரும்வரை அந்நாட்டு நடுவண் அரசின் வருவாயில் பெரும்பங்கு சுங்கத்திலிருந்தே கிடைத்துவந்தது. ஆகவே, அட்டவணையை முழுமையாகத் திருத்தும் சட்டம் கொண்டுவரப்படும்போதெல்லாம் தொழிற்சாலைகள் நிறைந்த வடக்குக்கும் பருத்தி ஏற்றுமதியை நம்பிய தெற்குக்கும் மோதல் வெடித்தது. 1828ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்ப்பாளர்கள் 'அருவருப்புகளின் டாரிஃப்' என்று ஏசினார்கள். தென் கரோலினா 1832இல் அது தன் மாநிலத்தில் செல்லாது என்றே அறிவித்தது. 1890இல் மெக்கின்லி டாரிஃப், 1930இல் ஸ்மூட்-ஹாலி டாரிஃப் என்று வரிசை நீண்டது. சட்டத்தின் பெயர், சட்டம் கூட்டிய வரியின் பெயராக மக்கள் நாவில் மாறிவிட்டது. 'அகராதியிலேயே மிக அழகான சொல்' என்று டிரம்ப் 2024 அக்டோபரில் சிகாகோவில் புகழ்ந்தது இந்த அமெரிக்கப் பொருளைத்தான்.

பிரிட்டனில் பழைய பொருளும் புதிய பொருளும் அருகருகே நீடித்தன. அரசியல்வாதி ஜோசஃப் சேம்பர்லின் 1903இல் தொடங்கிய டாரிஃப் சீர்திருத்த இயக்கம் இறக்குமதி வரி பற்றியது. ஆனால் மின்சாரம், எரிவாயு, விடுதி, தொலைபேசி ஆகியவற்றின் கட்டண அட்டவணையும் அங்கே டாரிஃப்தான். நம் மின்வாரியமும் விடுதிகளும் பெற்றது அந்த பிரிட்டிஷ் வழக்கையே. இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவர் சிறையில் கழித்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் காலத்துக்கும் டாரிஃப் என்று பெயர். குற்றத்துக்கு இன்ன விலை என்ற அட்டவணை!

ஜெர்மனியில் கூலியின் பெயர்

ஜெர்மன் மொழியில் எல்லை வரிக்கு 'த்ஸோல்' என்ற பழஞ்சொல் உண்டு. வரிச்சாவடியைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக வந்து இவ்வுருப் பெற்றது. சாலைச் சுங்கத்தைக் குறிக்கும் ஆங்கில 'டோல்' அதன் உடன்பிறப்பு. ஜெர்மன் நாடுகள் 1834இல் அமைத்த சுங்க ஒன்றியத்தின் பெயரிலும் இச்சொல்லே இருந்தது. வரியின் இடம் இப்படி நிரம்பியிருந்ததால் 'தரீஃப்' வரியாக மாற அங்கே வழியில்லை. அது வேறொரு பக்கம் திரும்பியது.

திருப்புமுனை அச்சகங்களில் நிகழ்ந்தது. எழுத்துக்கோப்பவர்களுக்கு ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி கொடுக்கும் வழக்கம் இருந்தது. வேலையின் வகைக்கேற்பக் கூலி மாறுவதால் அதற்கு ஓர் அட்டவணை தேவைப்பட்டது. முதலாளிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட, நாடு முழுவதற்குமான அச்சகத் 'தரீஃப்' 1873இல் வந்தது. அங்கிருந்து, கூலி அட்டவணையை உள்ளடக்கிய கூட்டு ஒப்பந்தத்துக்கே அப்பெயர் நிலைத்தது. மேற்கு ஜெர்மனியில் 1949இல் இயற்றப்பட்ட கூட்டு ஒப்பந்தச் சட்டத்தின் பெயரிலும் அது இருக்கிறது. அரசு தலையிடாமல் தொழிற்சங்கமும் முதலாளிகளும் தங்களுக்குள் கூலியை முடிவு செய்யும் உரிமையை 'தரீஃப் தன்னாட்சி' என்கிறார்கள்.

இப்போது அந்த ரயில் செய்தி விளங்கும். ஜெர்மன் ரயில் நிறுவனத்துக்கும் ஓட்டுநர் சங்கத்துக்கும் 2023இல் தொடங்கிய 'தரீஃப் தகராறு', சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றியது. தொடர் வேலைநிறுத்தங்களுக்குப் பின், சுழல்முறைப் பணியாளர்களின் வார வேலை நேரத்தை 38 மணியிலிருந்து படிப்படியாக 35 மணியாகக் குறைக்க 2024 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. அதே ரயிலுக்கு வாங்கும் பயணச்சீட்டின் கட்டண முறையும் ஜெர்மன் மொழியில் தரீஃப்தான். ஓட்டுநர் பெறுவதும் பயணி கொடுப்பதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இரண்டுமே முன்கூட்டி அறிவித்த பட்டியலின்படி நடப்பவை.

மற்ற மொழிகள்

பிரெஞ்சில் 'தரீஃப்' அருங்காட்சியக வாசலிலும் ரயில் நிலையத்திலும் காணப்படும் சொல்: முழுக் கட்டணம், சலுகைக் கட்டணம். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் 1664இலும் 1667இலும் வெளியிட்ட சுங்க அட்டவணைகளுக்கு அப்பெயர் உண்டென்றாலும், இன்று வரியைக் குறிக்க 'சுங்க உரிமைத் தொகை' என்று பொருள்படும் வேறு தொடரே வழங்குகிறது. இத்தாலியர் டிரம்ப்பின் வரியை 'தாட்ஸி' என்கிறார்கள். ஸ்பானியர் 'அரான்செல்' என்கிறார்கள். ரஷ்யர் 'போஷ்லினா' என்கிறார்கள். இம்மொழிகளில் தரிஃப்பா, தரீஃபா, தரீஃப் என்ற வடிவங்கள் மின்கட்டணத்துக்கும் கைப்பேசித் திட்டத்துக்கும் உரியவை.

போலந்து மொழியின் பேச்சு வழக்கில் 'தரிஃபா' என்றால் வாடகைக் கார். கிரேக்கத்தில் 'தரீஃபாஸ்' என்றால் அந்தக் காரை ஓட்டுபவர். இரண்டும் வாடகைக் கார்க் கட்டணத்திலிருந்து வந்தவை. ஒருவருக்குச் சலுகை காட்டாமல் கண்டிப்பாக நடப்பதைப் போலந்துக்காரர்கள் 'சலுகைத் தரிஃபா இல்லாமல்' என்று சொல்வார்கள். துருக்கியம் அரபிலிருந்து நேரடியாகவும் எடுத்துக்கொண்டது: 'தாரிஃப்' என்றால் விவரிப்பு, சமையல் குறிப்பு, 'தாரிஃபே' என்றால் கட்டண அட்டவணை, இஸ்தான்புல் படகுத் துறையிலோ நேர அட்டவணை.

வேறு திசையில் போனது பிரேசிலின் போர்த்துக்கீசியம். 'தரிஃபாசு' என்ற உருப்பெருக்கச் சொல், பேருந்து, மின்சாரம் போன்றவற்றின் கட்டணத்தை அரசு தடாலடியாக உயர்த்துவதைக் குறித்து வந்தது. பிரேசில் சரக்குகளுக்கு 50 சதவீத வரி என்று டிரம்ப் 2025 ஜூலையில் அறிவித்ததும், பத்திரிகைகள் அந்தப் பழைய வசைச்சொல்லை அப்படியே அதற்குச் சூட்டிவிட்டன.

தமிழ் இதழ்களின் நிலை ஜெர்மன் நிலைக்கு நெருக்கமானது. திருக்குறள் சொல்லும் 'உல்கு', முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரைத் தந்த 'சுங்கம்' என்று எல்லை வரிக்கு நமக்குப் பழஞ்சொற்கள் இருப்பதால், 'இறக்குமதி வரி', 'சுங்க வரி' என்று எழுதுவதே தெளிவு. மின்கட்டண அட்டவணைக்கு 'டாரிஃப்' இருந்துவிட்டுப் போகட்டும்.

அரபு மொழிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். இன்றைய அரபுச் செய்திகள் இவ்வரிகளை 'ஜும்ருக்' கட்டணங்கள் என்கின்றன. துருக்கிய 'கும்ருக்' வழியாக வந்த அச்சொல், வணிகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் கிரேக்கத்தில் திரிந்து கிடைத்த வடிவம். ஐரோப்பாவுக்குப் பட்டியலின் பெயரைக் கொடுத்த மொழி, வரிச்சாவடியின் பெயரை ஐரோப்பாவிலிருந்து வாங்கிக்கொண்டது.

ஒரே ஒப்பந்தம், நான்கு பெயர்கள்

1947 அக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட 23 நாடுகள் கையெழுத்திட்ட, 'காட்' எனப்படும் வணிகப் பொது ஒப்பந்தத்தின் பெயரை மொழிவாரியாக வைத்துப் பார்த்தால் மேலே சொன்னது முழுவதும் ஒரே இடத்தில் தெரியும்.

1. ஆங்கிலம்: 'டாரிஃப்கள் மற்றும் வணிகம்'. வேறு அடைமொழி தேவைப்படவில்லை.

2. பிரெஞ்சு: 'சுங்கத் தரீஃப்கள் மற்றும் வணிகம்'. வெறும் தரீஃப் என்றால் எந்தக் கட்டணம் என்று தெரியாது என்பதால் 'சுங்க' என்ற அடை சேர்ந்தது.

3. ஸ்பானியம்: 'சுங்க அரான்செல்கள் மற்றும் வணிகம்'. சொல்லே மாறிவிட்டது.

4. ஜெர்மன்: 'த்ஸோல் மற்றும் வணிக ஒப்பந்தம்'. தரீஃப் என்று வைத்திருந்தால் அது தொழிற்சங்க ஒப்பந்தம் போல ஒலித்திருக்கும்.

விளைவு: பட்டியல் ஏன் சட்டமாகிறது

இந்த வேறுபாட்டைச் சொல் ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று தள்ள முடியாது. 1995இல் உலக வணிக அமைப்பு உருவானபோது, அந்த ஒப்பந்தமும் அதன்கீழ் நாடுகள் அளித்த அட்டவணைகளும் அதற்குள் வந்தன. ஒவ்வொரு உறுப்பு நாடும் சரக்குவாரியாக 'இதற்கு மேல் வாங்கமாட்டேன்' என்று ஒப்புக்கொண்ட உச்சவரம்பை எழுதிக் கொடுத்திருக்கிறது. அது கட்டுண்ட விகிதம் எனப்படும். நடைமுறையில் வசூலிப்பது அதைவிடக் குறைவாக இருக்கலாம். கூடுதலாக இருக்கக் கூடாது. இந்தியா பல சரக்குகளில் உயர்ந்த வரம்பை எழுதிக் கொடுத்துவிட்டுக் குறைவாக வசூலிக்கிறது. அமெரிக்காவோ பெரும்பாலான சரக்குகளில் வரம்பு எதுவோ அதையே வசூலித்து வந்தது. ஏற்றுவதற்கு அதனிடம் இடைவெளி இல்லை.

ஆகவே 16.5 சதவீதமாக இருந்த டி-சர்ட் வரி 66.5 ஆனபோது இரண்டு தனித்தனி வாக்குறுதிகள் கேள்விக்குள்ளாயின. ஒன்று, பட்டியலில் எழுதிய வரம்பு. மற்றொன்று, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே பட்டியல் என்ற சம நடத்தை விதி; நாட்டுக்கு நாடு வேறு சதவீதம் அச்சிட்ட அந்த அட்டை இதற்கு நேர் எதிரானது. தேசப் பாதுகாப்பு, நெருக்கடி நிலை போன்ற விதிவிலக்குகளைக் காட்டி அமெரிக்கா தன் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. சீனா 2025இல் இவ்வரிகளுக்கு எதிராக உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. ஆனால் மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா இசைவு தராததால், 2019 டிசம்பர் முதல் அங்கே வழக்கை விசாரிக்கப் போதிய உறுப்பினர்கள் இல்லை. கீழ்நிலைக் குழுவின் தீர்ப்பில் தோற்கும் நாடு மேல்முறையீடு செய்துவிட்டால், வழக்கு அதற்கு மேல் நகர்வதில்லை.